நெருப்புக்கு எடை உண்டா?

நண்பர்களே, காதலர்களுக்குள் ஊடல் வருவது புதிதல்ல. ஆனால் நெருப்புக்கு எடை உண்டா இல்லையா என்று ஊடிய ஜோடி, எனக்குத் தெரிந்து ஒன்றுதான். பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரும், அறிவியலும் கணிதமும் கற்ற எமிலி து ஷாத்தலேவும்.

1733-ல் இருவரும் நெருங்கியபோது வால்டேருக்கு 38 வயது, எமிலிக்கு 26. எமிலி ஒரு பிரபுவின் மனைவி, மூன்று குழந்தைகளின் தாய். அடுத்த வருஷமே வால்டேரின் ‘தத்துவக் கடிதங்கள்’ நூலை எரிக்கச் சொல்லிப் பாரிஸ் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அவரைக் கைது செய்யவும் ஆணை. அவர் போய் ஒதுங்கிய இடம் சிரே என்ற கிராமத்து மாளிகை. பக்கத்திலேயே லொரேன் எல்லை. லொரேன் அப்போது பிரான்ஸோடு சேரவில்லை, காவலர்கள் வந்தால் தாண்டிப் போய்விடலாம். இதில் வேடிக்கை, அந்த மாளிகை எமிலியின் கணவருடையது! இடிந்து கிடந்ததை வால்டேர் தன் பணத்தைப் போட்டுப் புதுப்பித்தார். படைப்பணியில் இருந்த கணவர் அவ்வப்போது வந்து போவார், சண்டை சச்சரவு இல்லை. அந்தக் கால பிரெஞ்சுப் பிரபுக்களின் வழக்கம் அப்படி.

சரி, நெருப்புக்கு வருவோம். நெருப்பின் இயல்பு என்ன என்று பாரிஸ் அறிவியல் கழகம் கட்டுரைப் போட்டி அறிவித்தது. வால்டேர் இறங்கிவிட்டார். இரும்பைப் பழுக்கக் காய்ச்சி எடை போடுவார், ஆறவிட்டு மறுபடி எடை போடுவார். எமிலி கூடவே நின்று பார்த்தார். பார்க்கப் பார்க்க, இவர் போகும் வழி சரியில்லை என்று அவருக்குத் தோன்றிவிட்டது. நெருப்புக்கு எடை கிடையாது என்பது எமிலியின் முடிவு.

நேரே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரவில், வால்டேருக்குத் தெரியாமல், தானும் ஒரு கட்டுரை எழுதினார். தூக்கம் வராமலிருக்கக் கையைப் பனிக்கட்டி போட்ட நீரில் முக்கிக்கொள்வாராம். விஷயம் தெரிந்த ஒரே ஆள் யார் தெரியுமா? கணவர்! கட்டுரையை அனுப்ப அவர் தயவு வேண்டியிருந்தது. மனிதர் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.

1738-ல் முடிவு வந்தது. பரிசு இருவருக்கும் இல்லை. வென்ற மூவரில் ஒருவர் கணித மேதை ஆய்லர், ஆகவே தோற்றதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்புறம்தான் எமிலி உண்மையைச் சொன்னார். வால்டேர் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு கட்டுரைகளையும் கழகமே அச்சிட்டது.

அதே 1738-ல் நியூட்டனை எளிமையாக விளக்கும் வால்டேரின் நூலும் வந்தது. அதன் முகப்புப் படத்தில் மேலே நியூட்டன், கீழே எழுதிக்கொண்டிருக்கும் வால்டேர். நடுவில் ஒரு பெண் கண்ணாடி பிடித்து, மேலிருந்து வரும் ஒளியை வால்டேரின் மேல் திருப்புகிறாள். அது எமிலிதான் என்பார்கள். அழகான படம்தான். ஆனால் எனக்கு அதில் ஒரு குறை உண்டு. கண்ணாடிக்குச் சொந்தக் கருத்து கிடையாதே!

எமிலிக்கு இருந்தது. 1740-ல் வந்த தன் இயற்பியல் நூலில், நியூட்டன் பக்தரான வால்டேருக்குப் பிடிக்காத ஜெர்மன் தத்துவஞானி லைப்னிட்ஸை அவர் பிடித்துக்கொண்டார். களிமண்ணில் குண்டுகளை விழவிட்டுப் பார்த்த சோதனை அப்போது பேசப்பட்டது. வேகம் இரண்டு மடங்கானால் பள்ளம் நான்கு மடங்கு ஆழம். ஆகவே இயக்கத்தின் வலிமையை வேகத்தின் வர்க்கத்தால்தான் அளக்க வேண்டும் என்றார் எமிலி. அறிவியல் கழகத்தின் செயலாளர் மேரான் மறுத்து எழுதினார். எமிலி சில வாரங்களிலேயே பதிலை அச்சிட்டு வெளியிட்டார். வால்டேர் எந்தப் பக்கம்? மேரான் பக்கம்! 1741-ல் அதே கழகத்துக்குத் தன் மறுப்பைக் கட்டுரையாகவே கொடுத்தார். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு!

காதல் பிறகு தணிந்தது. வால்டேருக்குத் தன் அக்கா மகளோடு உறவு, எமிலிக்கு சான் லாம்பேர் என்ற இளம் கவிஞரோடு. ஆனாலும் பிரியவில்லை. 42 வயதில் கருவுற்ற எமிலி, பிழைக்க மாட்டோமோ என்று அஞ்சி, இயக்க விதிகளையும் ஈர்ப்பு விதியையும் சொல்லும் நியூட்டனின் ‘பிரின்சிபியா’ நூலின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை இரவும் பகலும் உட்கார்ந்து முடித்தார். 1749 செப்டம்பர் தொடக்கத்தில் லொரேனில் உள்ள லூனேவில் என்ற ஊரில் குழந்தை பிறந்தது. பத்தாம் தேதி எமிலி இறந்தார், சான் லாம்பேரும் வால்டேரும் அங்கேதான் இருந்தார்கள்.

முழு மொழிபெயர்ப்பு வெளிவர 1759 ஆயிற்று. ஹாலி வால்நட்சத்திரம் திரும்பி வந்த வருஷம் அது. நியூட்டனின் விதிகளை வைத்து அதன் வருகையை ஒரு மாத வித்தியாசத்தில் முன்கூட்டிக் கணக்கிட்டவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் கிளேரோ. எமிலிக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்தவர், அந்த மொழிபெயர்ப்பைச் சரிபார்த்தவரும் அவரேதான்.