‘ம்’ கொட்டினால்தான் கதை நகரும்

நடுவர் அண்ணாச்சி அவர்களே, எதிரணியில் இருக்கும் நண்பர்களே, பாளையங்கோட்டைப் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

‘ஓர் எழுத்தாளரை உருவாக்குவதில் பெரும்பங்கு கேட்ட கதைகளுக்கா, படித்த புத்தகங்களுக்கா?’ என்பது இன்றைய தலைப்பு. கேட்ட கதைகளுக்கே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் புதுமைப்பித்தனைக் கொண்டுவந்து நிறுத்தினார். திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பி.ஏ. படித்தவர், உலகத்துச் சிறுகதைகளைத் தேடித் தேடி வாசித்தவர், நிறைய மொழிபெயர்த்தவர். அவரைப் புத்தகம் உருவாக்கவில்லை என்றால் வேறு எது உருவாக்கியது என்று கேட்டார். நல்ல கேள்வி. நேராகவே பதில் சொல்கிறேன்.

அவர் வாசித்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் எழுத உட்கார்ந்தபோது அவர் கை எதைத் தேடிப் போனது? அகலிகையைத் தேடிப் போனது, அதுவும் இரண்டு கதைகளில். வேதாளத்தைத் தேடிப் போனது. சிவபெருமானையே சென்னைத் தெருவில் இறக்கி, கந்தசாமிப் பிள்ளையோடு காபி குடிக்க வைத்தது. அகலிகை கல்லான கதையைப் புத்தகத்தைப் புரட்டித்தான் முதன்முதலாகத் தெரிந்துகொண்டேன் என்று சொல்லும் ஆள் அந்தக் காலத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அது காதுவழியாக வந்த கதை. எல்லார் காதிலும் அது ஏற்கெனவே இருக்கிறது என்ற தைரியத்தில்தான், ராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று அறிந்ததும் அகலிகை மறுபடியும் கல்லாகிப் போனாள் என்று 1943-ல் அவரால் எழுத முடிந்தது. கதை தெரியாதவர்களிடம் அதைச் சொல்லியிருந்தால் அதில் என்ன அதிர்ச்சி இருந்திருக்கும்? ஒரு சிறுகதையை எங்கே வெட்டி நிறுத்துவது என்பதை அவர் வெளிநாட்டு ஆசிரியர்களிடம் கற்றிருக்கலாம். அந்தக் கோபமும் அந்தப் பேச்சும் அந்தத் திருநெல்வேலிக் குத்தலும் இங்கே அவர் காதில் விழுந்தவை.

இனி என் அனுபவத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர் முக்கூடல் பக்கம். வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஆச்சி, சித்தி, பக்கத்து வீட்டு மதினி எல்லாரும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு தார்சாவில், அதாவது வீட்டு முன்கூடத்தில், உட்கார்ந்துவிடுவார்கள். இலையை வெட்டுவது, தூள் வைத்துச் சுருட்டுவது, நூல் சுற்றுவது என்று கைக்கு ஓயாத வேலை. கண்ணும் கையோடு போய்விடும். சும்மா இருப்பது வாயும் காதும்தான். கதை அங்கேதான் ஆரம்பிக்கும். பிள்ளைகளான எங்களுக்கு ஒரே வேலை, ‘ம்’ கொட்டுவது. ‘ம்’ நின்றால் ஆச்சி கதையை நிறுத்திவிடுவாள். “ஏலே, தூங்கிட்டியா?” என்று கேட்பாள். தூங்கவில்லை, அந்த இடத்தில் கதை கொஞ்சம் தொய்ந்துவிட்டது, அவ்வளவுதான். அது ஆச்சிக்கும் தெரியும். மறுநாள் அதே கதையைச் சொல்லும்போது அந்த இடம் இருக்காது.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். யார் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்று பார்த்துத்தான் ஆச்சி சொல்வாள். மருமகள்மார் மட்டும் இருந்தால், கதையில் வரும் கொடுமைக்கார மாமியாருக்குத் தண்டனை பலமாகக் கிடைக்கும். சம்பந்தி வீட்டார் வந்திருந்தால் அந்த மாமியார் கடைசியில் மனம் திருந்திவிடுவாள். சின்னப் பிள்ளைகள் நாங்கள் மட்டும் என்றால் மாமியாரே கிடையாது, புளியமரத்துப் பேய்தான். ஒரு கதைக்கு ஒரே முடிவுதான் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நான் எழுத வந்த பிறகு எனக்குப் பெரிய துணையாக இருப்பது அதுதான்.

வீட்டுத் தார்சாவில் நடந்தது இது. ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் இதே காரியம் ராத்திரி முழுக்க நடக்கும். வில்லுப்பாட்டைச் சொல்கிறேன். வில், குடம், உடுக்கை, கட்டை, ஜால்ரா. நடுவில் உட்கார்ந்து வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதை சொல்லும் புலவருக்குப் பக்கத்திலேயே, ‘ஆமா’ போடுவதற்கென்றே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கேள்வி கேட்பார்கள், ஆச்சரியப்படுவார்கள், சொன்னதைத் திருப்பிச் சொல்வார்கள். ‘ம்’ கொட்டுவதை ஒரு கலையாகவே வளர்த்துவைத்த பூமி அண்ணாச்சி இது! காவல் தெய்வமான சுடலைமாடன் கதையில் சாமி இறங்க வேண்டிய கட்டம் வந்தும் சாமியாடிக்கு ஆட்டம் வரவில்லை என்றால், புலவர் அடுத்த கட்டத்துக்குப் போகமாட்டார். அங்கேயே நின்று வேகத்தைக் கூட்டுவார், திருப்பிப் பாடுவார், சாமி வந்த பிறகுதான் கதை நகரும். சிறுவயதில் அதைப் பார்த்தபோது புல்லரித்தது. எழுதுகிறவனாக நினைத்துப் பார்க்கும்போது பயமாகவே இருக்கிறது. கதை வேலை செய்ததா இல்லையா என்பதற்கு அதைவிடக் கடுமையான சோதனை எங்கே இருக்கிறது?

முத்துப்பட்டன் கதையையும் சொல்ல வேண்டும். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக இருக்கிறாரே, அவர் கதை. இன்றும் அவருக்குச் செருப்பைத்தான் காணிக்கையாகப் போடுகிறார்கள். பிராமணனாகப் பிறந்தவன் பொம்மக்கா, திம்மக்கா என்ற அருந்ததியர் பெண்களைக் கல்யாணம் செய்தான், செருப்புத் தைத்தான், மாடு களவாட வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தான். கதை இதுதான். நாட்டுப்புறவியல் ஆய்வாளர் நாங்குநேரி நா. வானமாமலை இதைப் பதிப்பித்திருக்கிறார். ஆனால் அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணக் குடும்பத்தார்தான், விட்டுப்போன அந்தக் குழந்தைகளை அருந்ததியர் எடுத்து வளர்த்தார்கள் என்று சொல்லும் வடிவமும் உண்டு. இரண்டையும் கேட்டு வளரும் பிள்ளை என்ன யோசிக்கும்? இதை யார் மாற்றினார்கள், யாருடைய மனம் நோகாமல் இருக்க மாற்றினார்கள் என்று யோசிக்காதா? இலக்கியத்துக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவைப் பற்றிக் கல்லூரியில் ஒரு பருவம் முழுக்க நடத்துகிறார்கள். கொடைக்குப் போனவனுக்கு அது ஒரு ராத்திரியில் கிடைத்துவிடுகிறது.

எதிரணியில் கி. ராஜநாராயணனைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். 1986-க்கு முன் நம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த இடைசெவல்காரர். பள்ளிப்படிப்பை முடிக்காதவர். முப்பது வயதைத் தாண்டித்தான் எழுத வந்தார். அதுவரை என்ன செய்துகொண்டிருந்தார்? சம்சாரிகளோடு, அதாவது விவசாயிகளோடு, சேர்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கரிசல்காட்டுச் சொற்களுக்கு அகராதி போட்டார், 1991-ல் சாகித்திய அகாதெமி விருது வாங்கினார், புதுவைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துப் பேராசிரியர் நாற்காலியில் உட்காரவைத்து நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டச் சொன்னது. சரி, அவரும் படித்தவர்தானே என்பீர்கள். படித்தார், நன்றாகவே படித்தார். ஆனால் அவர் பக்கத்தை நீங்கள் படிக்கும்போது எதிரே ஒருவர் உட்கார்ந்து உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வதுபோல இருக்கிறதே, அது அச்சடித்த தாளிலிருந்து வந்ததா?

நான் ஒரு கதை எழுதி முடித்தால் உடனே பத்திரிகைக்கு அனுப்புவதில்லை. வீட்டில் சத்தமாக வாசிக்கிறேன். என் மனைவி காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். அவள் ‘ம்’ சொல்வது எங்கே தாமதமாகிறதோ அங்கே பென்சிலால் கோடு போடுகிறேன். அப்புறம் அந்தப் பத்தி பெரும்பாலும் போய்விடும், எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் சரி. புத்தகம் பெரிய செல்வம், ஆனால் நான் தூங்கினாலும் அது பாட்டுக்குத் திறந்தே கிடக்கும். “தூங்கிட்டியா?” என்று கேட்க அதற்கு வாய் இல்லை.

அடுத்துப் பேச வருகிற எதிரணித் தங்கச்சிக்கு ஒரே ஒரு கேள்வி வைக்கிறேன். நீங்கள் இந்த ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றதும், கையில் எழுதிவைத்திருப்பதை அப்படியே வாசிக்கப் போவதில்லை. கூட்டம் எங்கே நிமிர்கிறது, எங்கே இருமுகிறது என்று பார்த்து, அடுத்த வரியை அங்கேயே மாற்றுவீர்கள். அந்த வித்தையை எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் படித்தீர்கள் என்று சொல்லிவிட்டு உங்கள் வாதத்தை ஆரம்பியுங்கள்.

நடுவர் மணியடித்துவிட்டார். வணக்கம்.