குவாதலூப்புக்கு ஷெங்கன் விசா போதாது

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற உறவினர் இல்லாத தெருக்கள் குறைவு. அந்த உறவினருள் சிலர் ஆசிரியராகவும் செவிலியராகவும் படைவீரராகவும் பிரான்சின் கடல்கடந்த மாவட்டங்களில் பணியாற்றுகிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோரும் உடன்பிறந்தாரும் பல குடும்பங்களில் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள். ஒரே வீட்டில் இருவகைக் கடவுச்சீட்டுகள் இருக்கும் அத்தகைய குடும்பங்களை மனத்தில் வைத்தே, கரிபியக் கடலில் உள்ள குவாதலூப் தீவுக்குள் நுழைவதற்கான விதிகளைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன்.

குவாதலூப்பும் அதற்குத் தெற்கே உள்ள மார்த்தினிக்கும் 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரான்சின் மாவட்டங்களாயின. அங்கே செலவாணி யூரோ. பள்ளிக்கூடம், நீதிமன்றம், அஞ்சலகம் எல்லாம் பிரெஞ்சு அரசினுடையவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக்குள்ளும் அத்தீவுகள் அடங்கும். இவ்வளவும் தெரிந்த ஒருவர், பிரான்ஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவாகச் செல்லும் ஷெங்கன் விசா கையில் இருந்தால் குவாதலூப்புக்கும் அதுவே போதும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஷெங்கன் உடன்படிக்கை பிரான்சின் ஐரோப்பிய நிலப்பகுதியோடு நின்றுவிடுகிறது. கடல்கடந்த மாவட்டங்கள் அதற்கு வெளியே இருக்கின்றன. இந்தியக் கடவுச்சீட்டில் குறுகிய காலத்துக்குச் செல்பவர், அந்த மாவட்டங்களுக்கென்று தனியே வழங்கப்படும் விசாவைப் பெற்றாக வேண்டும். கடவுச்சீட்டில் ஒட்டித் தரும் விசாத் தாளின் மேல்வரியில், அது எந்த நிலப்பகுதிக்குச் செல்லும் என்று அச்சிட்டிருப்பார்கள். விசா கைக்கு வந்த அன்றே அந்த வரியைப் படித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் இதைப் பட்டறிந்தவன். என் தங்கை மகன் குவாதலூப்பின் பாஸ்-தேர் நகரில் ஆசிரியராக இருந்தபோது, அவனுடைய முதல் குழந்தையைப் பார்க்க நானும் என் தங்கையும் புறப்பட்டோம். பயணச்சீட்டு வாங்கித் தந்த முகவர், பிரெஞ்சு மண்ணுக்குப் பிரெஞ்சு விசா இருந்தால் போதும் என்று உறுதியாகச் சொன்னார். பாரிசின் ஓர்லி விமான நிலையத்தில், பெட்டிகளை ஒப்படைக்கும் இடத்தில் இருந்த பெண் எங்கள் கடவுச்சீட்டுகளை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, இந்த விசா குவாதலூப்புக்குச் செல்லாது என்றார். அவர் சொன்னது சரி. பேத்திக்காகத் தைத்த பட்டுப்பாவாடையைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, பாரிசில் ஓர் உறவினர் வீட்டில் ஒன்பது நாள் தங்கிவிட்டு ஊர் திரும்பினோம். என் தங்கை அந்தக் குழந்தையை முதன்முதலாகத் தூக்கியபோது அதற்கு நடை வந்துவிட்டது. இன்னொரு குடும்பத்துக்கு இது நேரக்கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அடுத்ததாக, வழிப்பயணத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. இந்தியாவிலிருந்து வரும் விமானம் பாரிசின் வடக்கே உள்ள சார்ல் த கோல் நிலையத்தில் இறங்குகிறது. குவாதலூப்புக்குச் செல்லும் விமானங்களில் பல, நகரின் தெற்கே உள்ள ஓர்லியிலிருந்து கிளம்புகின்றன. ஒரு நிலையத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல வேண்டுமானால் குடிநுழைவுச் சோதனையைக் கடந்து வெளியே வந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு, பேருந்திலோ தொடர்வண்டியிலோ நகரைக் கடக்க வேண்டும். அப்படி வெளியே வருவதே ஷெங்கன் பகுதிக்குள் நுழைவதாகும். ஆகவே, குவாதலூப் விசாவோடு ஷெங்கன் விசாவும் வேண்டும். அது மட்டுமன்று, தீவுக்குப் புறப்படும்போது நீங்கள் ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறுகிறீர்கள். திரும்பும் வழியில் மறுபடியும் நுழைகிறீர்கள். ஒருமுறை நுழைவுக்கு மட்டும் அனுமதி தரும் விசா போகும்போதே தீர்ந்துவிடும். இரண்டு நுழைவோ பல நுழைவோ கேட்டு விண்ணப்பிப்பது இதனால்தான் முக்கியம். விண்ணப்பப் படிவத்திலும் உடன் இணைக்கும் கடிதத்திலும் பாரிஸ், குவாதலூப், மறுபடி பாரிஸ் என்று முழு வழியையும் தேதியோடு எழுதிவிட்டால், படிப்பவருக்கும் உங்கள் தேவை விளங்கும். இதில் ஒரு நன்மையும் உண்டு: தீவில் கழிக்கும் நாள்கள், ஷெங்கன் பகுதியில் எந்த 180 நாள்களுக்குள்ளும் 90 நாளுக்கு மேல் தங்கக்கூடாது என்ற கணக்கில் சேர்வதில்லை.

அமெரிக்கா வழியாகச் செல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. விமானம் மாறுவதற்காக மட்டுமே இறங்கினாலும், இந்தியக் கடவுச்சீட்டில் அமெரிக்க விசா இல்லாமல் அந்த வழி திறக்காது. அந்த விசாவை முன்பே வைத்திருப்பவருக்குத்தான் அது பொருந்தும்.

குவாதலூப்பிலிருந்து படகில் சில மணி நேரத்தில் டொமினிக்கா தீவை அடையலாம். மலையும் அருவியும் நிறைந்த அந்தத் தீவு 1978-இல் விடுதலை பெற்ற தனி நாடு. இந்தியர் முன்கூட்டி விசா வாங்காமலே அங்கே சுற்றுலாவாகச் செல்லலாம். வரைபடத்தில் அது குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் நடுவில் கிடக்கிறது. விசா வேண்டாத ஒரு தீவு, விசா வேண்டிய இரண்டு தீவுகளுக்கு இடையே இருப்பதால், உறவினரோடு ஒரு நாள் போய்வரலாம் என்ற ஆசை எளிதில் எழும். ஆனால் அங்கே சென்றால் நீங்கள் பிரெஞ்சு நிலத்தை விட்டு வெளியேறியவர் ஆவீர்கள். உங்கள் குவாதலூப் விசா ஒற்றை நுழைவுக்கானதாக இருந்தால் மாலைப் படகில் திரும்பி வர முடியாது.

ஆவணங்களைப் பொறுத்தவரை, கடவுச்சீட்டு கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், நீங்கள் திரும்பும் நாளுக்குப் பிறகு குறைந்தது 3 மாதம் செல்லுபடியாகக் கூடியதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உடையதாகவும் இருக்க வேண்டும். ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். அந்தக் காப்பீட்டுத் தாளில் கடல்கடந்த மாவட்டங்களும் அடங்குமாறு கேட்டு வாங்குங்கள். உறவினர் வீட்டில் தங்குவோர், அவர் தம் ஊரின் நகராட்சியில் எழுதிப் பெற்ற வரவேற்புச் சான்றின் மூலப்படியை அனுப்பச் சொல்ல வேண்டும். அந்தத் தாள் அவருக்கு உடனே கிடைத்துவிடும் என்று எண்ணக்கூடாது. அது தயாராகி, தபாலில் நம் ஊர் வந்து சேர வாரங்கள் ஆகும். மற்றபடி வங்கிக் கணக்கு, ஓய்வூதியச் சான்று, திரும்பும் பயணச்சீட்டு ஆகியவை எல்லா நாட்டுத் தூதரகங்களும் கேட்பவையே.

பிரான்ஸ் வழங்கிய வதிவிட அட்டை வைத்திருப்போர், அவர்கள் இந்தியரானாலும் பாரிசில் வாழும் ஈழத்தமிழரானாலும், குறுகிய காலப் பயணத்துக்குத் தனி விசா எடுக்க வேண்டியதில்லை. கடவுச்சீட்டையோ பயண ஆவணத்தையோ அட்டையோடு சேர்த்துக் காட்ட வேண்டும். பிரெஞ்சுக் குடியுரிமை உடையவருக்கு அது சொந்த நாட்டுக்குள் பயணம். புதுச்சேரி, காரைக்கால் முதலிய பகுதிகளைப் பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைப்பதற்காக 1956-இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்படி, 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக் கொண்ட நம் ஊர்க்காரர்களின் வழிவந்தோர் இந்த வகையினர். பிரெஞ்சுப் படையில் பணியாற்றியோரின் வீடு என்பதால் சொல்தா வீடு என்று நாம் சொல்லும் குடும்பங்களில் அண்ணன் தடையின்றிப் போவதும் தம்பி விசாவுக்காக வரிசையில் நிற்பதும், பெரியவர்கள் அன்று எழுதிக் கொடுத்த ஒரு தாளின் விளைவு.

குடியுரிமைத் தாளின் அருமையை அந்தத் தீவில் வாழும் நம்மவர் இன்னும் கடினமான வழியில் அறிந்தவர்கள். 1854-ஆம் ஆண்டின் இறுதியில் முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் குவாதலூப்பை அடைந்தது. அடுத்த 35 ஆண்டுகளில் 40,000-க்கும் மேற்பட்டோர், புதுச்சேரி, காரைக்கால், பின்னர் கல்கத்தா ஆகிய துறைகளிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அங்கேயே பிறந்த அவர்களின் பிள்ளைகளுக்குக்கூட வாக்குரிமை மறுக்கப்பட்டது. கப்பெஸ்தேர்-பெல்-ஓ என்ற ஊரில் 1863-இல் பிறந்த ஹென்றி சிதம்பரம் 1904-இல் தொடங்கிய வழக்கு 1923-இல்தான் முடிவுக்கு வந்தது. அதன் பிறகே அவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாக முழுமையாக ஏற்கப்பட்டார்கள். அதே ஊரின் சாங்கி பகுதியில் உள்ள கோயிலுக்கு நான் பிற்பாடு சென்றபோது, தமிழ் பேசத் தெரியாத முதியவர் ஒருவர் தம் பாட்டனாரின் பெயரை ஒரு தாளில் எழுதிக்காட்டி, அது எந்தப் பக்கத்துப் பெயர் என்று கேட்டார். அவரைப் போன்றவர்களைச் சந்திக்க நம்மிலிருந்து இன்னும் பலர் போக வேண்டும் என்பது என் ஆசை.

எடுத்துச் செல்லும் பொருள்களிலும் கவனம் தேவை. அங்கே நடப்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க விதி. இறைச்சியும் நெய், பால்கோவா போன்ற பால் பண்டங்களும் இந்தியாவிலிருந்து கொண்டுபோகக்கூடாது. கறிவேப்பிலை, மாம்பழம், செடி, விதை முதலியவற்றுக்குத் தாவர நலச் சான்று வேண்டும், இல்லையென்றால் பறித்துவிடுவார்கள். கையிருப்பு 10,000 யூரோவை எட்டினால் அறிவித்தாக வேண்டும்.

இந்தியாவிலிருந்து நேரே குவாதலூப் செல்பவருக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயமில்லை. ஆனால் அங்கிருந்து டிரினிடாட் தீவுக்கும் போய் வருபவர், ஊர் திரும்பும்போது அந்தச் சான்று இல்லாவிட்டால் நம் விமான நிலையத்திலேயே 6 நாள் வரை தனிமைப்படுத்தப்படலாம். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் அந்த ஊசியைப் போடுகிறார்கள். போட்ட 10-ஆம் நாளிலிருந்துதான் சான்று செல்லும் என்பதால், புறப்படும் வாரத்தில் போய் நிற்பதில் பயனில்லை.

ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே புயற்காலம். டிசம்பரிலிருந்து மே வரை வானம் தெளிந்திருக்கும். தை மாதத்தில் பேரப்பிள்ளையைப் பார்க்க விரும்புகிறவர், ஆடி மாதத்திலேயே உறவினருக்கு எழுதி நகராட்சிச் சான்றைக் கேட்டுவிடட்டும்.

நன்றி, வணக்கம்.