அடிக்காமல் விடும் நாலு வரிசை

வணக்கம். ஸ்வீட் கார்ன் போட்டிருக்கும் விவசாயிகளிடம் இன்று எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான். புழுவுக்கு மருந்து அடிக்கும்போது நாலு வரிசையை மட்டும் அடிக்காமல் விடுங்கள்.

மக்காச்சோளக் குருத்தைத் தின்னும் படைப்புழு 2018-ல் கர்நாடகத்தின் சிவமொக்காவில் தென்பட்டு, அதே ஆண்டு நம் மக்காச்சோளக் காடுகளுக்கும் வந்துவிட்டது. அன்றிலிருந்து 'இந்த மருந்து கேட்கும், அது கேட்காது' என்ற பேச்சு ஓயவில்லை. ஆனால் இந்தப் புழு இரண்டு மூன்று வாரம் தின்றுவிட்டுக் கூட்டுப்புழுவாக மண்ணுக்குள் இறங்கிவிடும். புழு முற்றியபிறகு மருந்து அடித்தால், ஒரு வாரத்தில் குருத்து காலியாகத்தான் இருக்கும். மருந்து கொன்றதா, தானாக இறங்கியதா? அடிக்காத வரிசையைப் பார்த்தால்தான் தெரியும். அங்கேயும் புழு குறைந்திருந்தால் பெருமை மருந்துக்கு இல்லை. ஆராய்ச்சிப் பண்ணைகளில் மருந்தில்லாப் பாத்தி ஒன்றைக் கூடவே வைப்பது இதற்காகத்தான்.

அடிப்பதற்கு முதல் நாளே, அடிக்கப்போகும் பக்கம், விடப்போகும் பக்கம் இரண்டிலும் இருபது இருபது செடியில் குருத்தை விரித்துப் புழுவை எண்ணி எழுதி வையுங்கள். மருந்துச் சாரல் படக்கூடிய ஓர வரிசை வேண்டாம். அப்புறம் மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் எண்ணுங்கள். மறுநாள் காலையிலேயே போய், புழு நெளிகிறதே என்று அடுத்த டப்பாவைத் திறக்காதீர்கள். எமாமெக்டின் பென்சோயேட், குளோரான்ட்ரனிலிப்ரோல் போன்ற மருந்து பட்ட இலையைத் தின்ற புழு சில மணி நேரத்தில் தீனியை நிறுத்திவிடும்; சாவதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். குருத்துக்குள் மரத்தூள் மாதிரி கிடக்கும் எச்சத்தைக் கிள்ளிப் பாருங்கள். ஈரமாக, புதிதாக இருந்தால் உள்ளே இன்னும் தின்கிறது.

தீவன மக்காச்சோளத்தில் இலை கொஞ்சம் கிழிந்தாலும் செடி தேறிவிடும். ஸ்வீட் கார்னில் தோலை உரித்ததும் நுனியில் ஒரு புழு தெரிந்தால் வியாபாரி கதிரை ஒதுக்கிவிடுவார். கதிரைத் தின்னும் இன்னொரு புழுவான கதிர்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி கதிர் நாரில்தான் முட்டை வைக்கும். குஞ்சுப்புழு தோலுக்குள் போய்விட்டால் மேலே அடிக்கும் மருந்து எட்டாது. அதனால் அறுவடையன்று இரு பக்கக் கதிரையும் உரித்து எண்ணாமல் மருந்தை நல்லதென்றோ கெட்டதென்றோ சொல்லாதீர்கள்.

நார் வந்து ஏறக்குறைய மூன்று வாரத்தில் கதிரை ஒடித்துவிடுகிறோம். குழந்தைகள் கடித்துத் தின்கிற பொருள் இது. லேபிளில் மக்காச்சோளம் இருக்கிறதா, அடித்து எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்று போட்டிருக்கிறது, இரண்டையும் பார்த்து வாங்குங்கள். அந்த நாள் முடிவதற்குள் கதிர் ஒடிக்க வேண்டி வருமென்றால், எவ்வளவு நன்றாகப் புழுவைக் கொன்றாலும் கதிர்ப் பருவத்துக்கு அந்த மருந்து ஆகாது.

நன்றி, வணக்கம்.