எருக்கு நாரில் இரண்டு புரிக் கயிறு

[திரையில்: ஒரு கயிற்று முனை, மிக அருகில்]

கையில இருக்கிற ஏதாவது ஒரு முறுக்குக் கயிற்றோட முனையைக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க. கயிறு ஒரு பக்கமா முறுக்கியிருக்கும். உள்ளே இருக்கிற புரி, அதாவது கயிறா சேர்ந்திருக்கிற இழைக்கொத்து, ஒவ்வொண்ணும் அதுக்கு எதிர்ப்பக்கமா முறுக்கியிருக்கும். புரி பிரியப் பார்த்தா கயிறு இறுகும். கயிறு பிரியப் பார்த்தா புரி இறுகும். பசை இல்லாம கயிறு நிக்கிறது இந்த இழுபறியாலதான். பிரான்ஸ்ல ஆப்ரி டு மாராங்கிற பாறை ஒதுங்கல்ல, நியாண்டர்தால்ங்கிற, அழிஞ்சுபோன ஆதி மனுஷங்க மரப்பட்டை நாரில திரிச்ச மூணு புரிக் கயிற்றுத் துணுக்கு கிடைச்சிருக்கு. 6 மில்லிமீட்டர் நீளம்தான், 40,000 வருஷத்துக்கும் மேல பழசு. அதுலயும் இதே எதிர்முறுக்கு.

[திரையில்: எருக்கஞ்செடி, மழைக்குப் பிந்தைய தளிர்க் கிளைகள்]

எருக்கு எப்பவும் நிக்கும், ஆனா நார் எப்பவும் நல்லா வராது. மழை பெஞ்சு நெடுநெடுன்னு வளர்ந்த கிளைதான் வேணும்: கட்டைவிரல் கனம், சுமார் ஒரு மீட்டர் நீளம், பக்கக்கிளை இல்லாதது. வறண்ட காலத்துல கணு கிட்டக்கிட்ட இருக்கும். உரிக்கும்போது நார் கணுவுக்குக் கணு அறுந்து கையில துண்டு துண்டா வரும்.

வெட்டும்போது கண்ணாடி, கையுறை ரெண்டும் போட்டுக்கோங்க. எருக்கம்பால் கண்ணுல பட்டா முதல்ல வலிகூடத் தெரியாம இருக்கலாம், பிறகு பார்வை மங்கிடும். பட்டுட்டா நிறையத் தண்ணி விட்டுக் கழுவிட்டு உடனே கண் மருத்துவர்கிட்ட போங்க.

[திரையில்: பட்டை உரிப்பது]

இலையைக் கழிச்சுட்டு, பால் காயுற வரைக்கும் ஒண்ணு ரெண்டு நாள் வெயில்ல போடுங்க. கற்றாழை, புளிச்சை மாதிரி இதைத் தண்ணியில ஊறப்போட வேண்டியதில்லை. குச்சியை மடக்கி உடைச்சா உள்கட்டை முறியும், பட்டை முறியாது. அந்த இடத்துல பிடிச்சு நீளவாக்குல உரிங்க. பட்டையோட உள்பக்கத்துல வெள்ளையா, பட்டு மாதிரி மினுங்குறதுதான் நார். மேல் தோலை நகத்தால சுரண்டி எடுத்துடுங்க.

உரிச்ச கையோட திரிக்க உட்காராதீங்க. அநேகமா எல்லாரும் சறுக்குற இடம் இதுதான். பச்சை நார் காயும்போது இளைக்கும். இன்னைக்கு விறைப்பா இருக்கிற கயிறு நாலு நாள்ல தொளதொளன்னு ஆயிடும். நாரை நல்லாக் காயவெச்சு, திரிக்கிறதுக்கு முன்னாடி தண்ணி தெளிச்சு ஈரத்துணியில சுத்தி வெச்சா, அஞ்சு பத்து நிமிஷத்துல பதமாயிடும்.

[திரையில்: இரண்டு கை, மேலிருந்து]

தீக்குச்சிக் கனத்துக்கு, 60 சென்டிமீட்டர் நார் எடுங்க. நடுவுல மடிக்காதீங்க, ஒரு பக்கம் 20, மறுபக்கம் 40 வர்ற மாதிரி மடிங்க. காரணம் அப்புறம் வருது. மடிப்பை இடது கையால பிடிங்க. மேலே இருக்கிற புரியை வலது கையால வெளிப்பக்கமா முறுக்கி, இறுகினதும் மற்ற புரிக்கு மேலா உங்க பக்கம் கொண்டு வாங்க. இப்போ மற்றது மேலே வந்திருக்கும். அதையும் அப்படியே முறுக்கி, அப்படியே போடுங்க. இடது கை விரல் முறுக்கு விழுந்த இடத்துக்கு நகர்ந்துக்கிட்டே வரணும்.

ஒரு புரி 5 சென்டிமீட்டர் மிஞ்சும்போது, புது நாரோட நுனியை மெலிசாக்கி அதோட சேர்த்து வெச்சு ரெண்டையும் ஒண்ணா முறுக்குங்க. நடுவுல மடிச்சிருந்தா ரெண்டு புரியும் ஒரே இடத்துல தீர்ந்து, ரெண்டு ஒட்டும் ஒரே இடத்துல விழும். கயிறு அங்கதான் அறும்.

[திரையில்: மூன்று தவறான கயிறுகள்]

முதல் கயிறு, கையை விட்டதும் பிரிஞ்சுடுது. ஒண்ணைச் சுத்தி ஒண்ணு போட்டிருக்காங்க, புரியை முறுக்கவே இல்லை. ரெண்டாவதுல ஒரு புரி நேரா நிக்குது, இன்னொண்ணு கொடி மாதிரி அதைச் சுத்துது. கனம் சமமா இல்லை. பாரம் முழுக்க நேரா நிக்கிறதுலதான் விழும். மெலிஞ்ச புரியில ரெண்டு இழை சேர்த்துட்டா சரியாகும். மூணாவது தன்னாலயே சுருண்டுக்குது: புரியில முறுக்கு மிஞ்சிப்போச்சு, ரெண்டு சுத்து பிரிச்சுவிட்டுத் தொடருங்க.

[திரையில்: கல் கட்டித் தொங்கும் கயிறு]

முடிச்சதும் நனைச்சு, ஒரு கல்லைக் கட்டி ராத்திரி முழுக்கத் தொங்கவிடுங்க. முறுக்கு ஒரே சீரா உட்காரும். ஆள் எடை தாங்குற வேலைக்கு மட்டும் இதை நம்பாதீங்க.

செடியைத் தூரோட வெட்டாம, ஒரு சாண் விட்டு வெட்டினா திரும்பத் துளிர்க்கும். வெட்டுறதுக்கு முன்னாடி இலையோட அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. கறுப்பு, மஞ்சள், வெள்ளை வரியோட புழு இருந்தா, அது வண்ணத்துப்பூச்சியாகப் போறது. அந்தக் கிளையை விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க.