ஐநூறு வீடுகளில் ஐநூறு பிரதிகள்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

எங்கள் பாட்டியின் மரப்பெட்டியில் ஐந்து பைண்டுகள் இருந்தன. 'கல்கி' வார இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த பொன்னியின் செல்வன். ஒவ்வொரு வாரமும் வீட்டில் எல்லோரும் படித்து முடித்த பிறகு, பின்னைக் கழற்றி, தொடர்கதைப் பக்கங்களை மட்டும் உருவி எடுத்து அடுக்கி வைப்பாராம். ஒரு பாகம் முடிந்ததும் பைண்டிங்குக்குப் போகும். அன்றைய தமிழ் வீடுகள் பலவற்றில் இது வழக்கமாக நடந்ததுதான்.

பள்ளி நாள்களில் அந்தப் பைண்டுகளில்தான் நான் அந்தக் கதையைப் படித்தேன். ஒரு பக்கத்தில் மணியம் வரைந்த குந்தவை இருப்பாள். தாளைத் திருப்பினால் தலைவலித் தைல விளம்பரம் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். இன்னொரு தாளின் பின்புறம், தலைப்பே இல்லாத ஏதோ ஒரு கட்டுரையின் கடைசிப் பத்தி இருக்கும். ஓரத்தில் பாட்டி பென்சிலால் எழுதிய தேதி. அந்தக் கதை பிறகு புத்தகமாக எத்தனையோ பதிப்புகள் கண்டுவிட்டது. ஆனால், தைல விளம்பரத்தோடும் அரைகுறைக் கட்டுரையோடும் அது வீட்டுக்கு வந்த அந்த வாரம், இந்தத் தாள்களில்தான் இருக்கிறது.

1941இல் தொடங்கிய அதே 'கல்கி', 2020இல் ஊரடங்குக் காலத்தில் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்கு மாறியது. செய்தி கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் அந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். தாள் விலை, அச்சுக்கூலி, ஏஜென்ட் கமிஷன் எல்லாம் போக, விற்காமல் திரும்பி வரும் பிரதிகளைப் பழைய பேப்பராக எடைக்குப் போடும் நிலையை இதழ்ப் பணியில் இருந்த எவரும் அறிவார்கள். திங்கட்கிழமை நடந்ததை அடுத்த வெள்ளிக்கிழமை தாளில் படிக்க இன்று யாரும் காத்திருக்கப் போவதில்லை. செய்திக்கும் சினிமாத் துணுக்குக்கும் கைப்பேசியே போதும். அமெரிக்காவின் 'நியூஸ்வீக்' 2012 இறுதியில் அச்சை நிறுத்தி, 2014இல் மீண்டும் தாளுக்கு வந்தது. வந்தபோது முன்பிருந்த பெரும் விற்பனையை எதிர்பார்த்து வரவில்லை. குறைந்த பிரதிகள், கூடுதல் விலை என்று வந்தது. தாளின் வருங்காலம் ஏறக்குறைய அந்த வழியில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் என்னை வருத்துவது விற்பனைக் கணக்கு அல்ல. பிரதி என்ற ஒன்றே இல்லாமல் போகிறதே, அதுதான்.

என் வாழ்க்கையில் நடந்ததையே சொல்கிறேன். தொண்ணூறுகளில் ஒரு சிற்றிதழில் நான் எழுதிய கட்டுரை என்னிடம் இல்லை. அந்த இதழ் ஐநூறு பிரதிதான் அச்சடிக்கும். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பழைய புத்தகக் கடையில், தாள் பழுத்து, முகப்பு கிழிந்து, அது கிடைத்தது. யாரோ ஒருவர் என் வாக்கியம் ஒன்றின் கீழே கோடு போட்டிருந்தார். அதற்கு நேர்மாறாக, 2008 வாக்கில் ஓர் இணைய இதழில் பதினான்கு கட்டுரைகள் எழுதினேன். கனடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கடிதங்கள் வந்தன. சிற்றிதழ்க் காலத்தில் நான் கனவிலும் காணாத வாசகர்கள் அவர்கள். பிறகு அந்த இதழை நடத்தியவர்களால் தளத்துக்குப் பணம் கட்ட முடியவில்லை. ஒரு நாள் காலையில் பதினான்கும் இல்லை. ஆயிரக்கணக்கானோர் படித்த கட்டுரைகள்; ஒருவர் கையிலும் பிரதி இல்லை. எல்லோரும் ஒரே இடத்தில் இருந்த ஒன்றைத்தான் பார்த்துவிட்டுப் போயிருக்கிறோம்.

தாளும் அழியும், அதை நான் மறுக்கவில்லை. நியூஸ்பிரிண்ட் தாளில் மரத்தின் லிக்னின் என்ற பொருள் அப்படியே தங்கிவிடுவதால், வெயில் பட்டால் சில நாள்களிலேயே மஞ்சளாகி, காலப்போக்கில் அப்பளம்போல நொறுங்கும். நெருப்போ அதைவிடக் கொடியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இருந்தன. அந்த இழப்பை இன்றும் என்னால் அமைதியாகப் பேச முடிவதில்லை.

அந்தச் சாம்பலுக்குப் பின் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2005இல் தன்னார்வலர்கள் சிலர் 'நூலகம்' என்ற மின்னூலகத்தைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாக மின்வடிவமாக்கி வருகிறார்கள். 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய 'மல்லிகை' இதழ்களை நான் அங்கேதான் படித்தேன். போரும் இடப்பெயர்வும் கண்ட மண்ணில் அந்த இதழ்கள் எப்படித் தப்பின? ஒரு கட்டடத்தில் மட்டும் இல்லாமல் வீடுவீடாகச் சிதறிக் கிடந்ததால்தான் தப்பின. எவரோ சந்தா கட்டி வாங்கி, எவரோ பெட்டியில் போட்டு வைத்து, பிறகு எவரோ ஸ்கேன் செய்யக் கொடுத்திருக்கிறார்கள். இணையத்தில் இன்று உலகமே படிக்கும் அந்தப் பக்கங்களுக்கு மூலம் தாள்தான்.

ஆகவே இணைய இதழ் நடத்தும் இளைஞர்களிடம் நான் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் இணையத்திலேயே நடத்துங்கள், அதன் வீச்சு எங்களுக்குக் கிடைக்காத செல்வம். ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை, தெரிந்தெடுத்த பக்கங்களையாவது தாளில் கொண்டுவாருங்கள். இருநூறு பிரதி போதும். வெளியாகும் நூல்களையும் இதழ்களையும் குறிப்பிட்ட நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. சென்னை கன்னிமாரா நூலகம் அவற்றில் ஒன்று. அச்சு இதழ்களிலேயே பலர் இதை மறந்துவிடுகிறார்கள். நீங்கள் மறக்காதீர்கள்.

பழைய இதழ்க் கட்டுகளை வீட்டில் வைத்திருக்கும் நேயர்களுக்கும் ஒரு சொல். எடைக்குப் போடும் முன், அவற்றில் என்னென்ன இதழ்கள், எந்தெந்த ஆண்டு என்று ஒரு தாளில் குறித்து அருகிலுள்ள நூலகத்திலோ கல்லூரித் தமிழ்த் துறையிலோ காட்டுங்கள். அரை மணி நேர வேலைதான்.

நானும் நண்பர்களும் நடத்தும் சிறிய இணைய இதழின் முதல் ஆண்டுத் தொகுப்பு இப்போது அச்சகத்தில் இருக்கிறது. மேப்லித்தோ என்ற வெள்ளை அச்சுத்தாள், பன்னிரண்டு ஃபாரம்; ஃபாரம் என்றால் ஒரே பெரிய தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கத் தொகுதி. பசை ஒட்டினால் சில ஆண்டுகளில் பக்கம் உதிரும் என்பதால், கொஞ்சம் செலவு கூடினாலும் நூலால் தைக்கச் சொல்லியிருக்கிறோம். நேற்று மாலை முதல் ஃபாரம் மடித்து வந்தது. மை இன்னும் முழுதாகக் காயவில்லை, என் கட்டைவிரல் ரேகை ஓரத்தில் பதிந்துவிட்டது. அந்தப் பிரதியை நானே வைத்துக்கொள்கிறேன். மற்றவற்றில் முதலாவது கன்னிமாராவுக்குப் போகிறது.

வணக்கம்.