வெள்ளலூர்க் குளமும் ஞாயிற்றுக்கிழமைத் தொண்டர்களும்

அவையில் கூடியிருக்கும் ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, மம்முட்டி பிடிக்கத் தயாராக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் என் வணக்கம்.

நம் பேரூராட்சியை அழகுபடுத்த ஒரு தன்னார்வக் குழுவைத் தொடங்குவதென்று முடிவெடுத்து, இதில் நமக்கு முன்னே நடந்தவர்களைப் பற்றிப் பேசும்படி என்னை அழைத்தீர்கள். அதற்காக நான் தொலைதூரம் போகவில்லை. கோயம்புத்தூரை ஒட்டியிருக்கும் வெள்ளலூரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ரோமானிய நாணயங்கள் புதையலாகக் கிடைத்த தொன்மையான ஊர் அது. ஆனால் இன்று அந்தப் பெயரைச் சொன்னதும் பலருக்கு நினைவு வருவது மாநகராட்சியின் குப்பைக் கிடங்குதான். ஒரு பெருநகரம் கழித்துப் போட்டதையெல்லாம் சுமக்கும் ஊரிலேயே இந்தப் பணி நடந்தது என்பதால், அந்த வரலாறு என் மனத்தை விட்டு அகலவில்லை.

2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, கொங்கு நாட்டுக் கிணறுகளும் ஆழ்துளைக் குழாய்களும் வற்றிப்போனதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அந்த வறட்சிக்கு அடுத்த 2017-இல், கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பின் தொண்டர்கள் பேரூர்ப் பெரியகுளத்தில் இறங்கினார்கள். ஞாயிறுதோறும் கூடுவது, கையால் முடிந்ததைச் செய்துவிட்டு வீடு திரும்புவது, அடுத்த ஞாயிறு மறுபடியும் வருவது என்ற எளிய ஒழுங்குதான் அவர்களுடைய முதலீடு.

அவர்கள் வெள்ளலூருக்கு வந்தபோது அங்கே குளம் இருந்தது, நீர் இல்லை. வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், வெள்ளலூர் அணைக்கட்டைத் தாண்டிப் போகிறது. அங்கிருந்து பிரியும் ராஜவாய்க்கால் குளத்துக்கு நீர் கொண்டுவர வேண்டும். அந்த வாய்க்காலோ மண் மேடிட்டு, சீமைக்கருவேலம் மண்டி, குப்பையால் அடைபட்டுக் கிடந்தது. ஆற்றில் வெள்ளம் புரண்டோடிய ஆண்டுகளில்கூடக் குளம் பல காலம் வறண்டே கிடந்ததற்கு வானம் காரணமில்லை, வாய்க்கால்தான் காரணம். கரையில் பூச்செடி வைத்து, சுவருக்கு வண்ணம் பூசியிருந்தால் பார்ப்பதற்கு அழகாக இருந்திருக்கும். அந்த வழியை அவர்கள் எடுக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து தொடங்கி, வாய்க்காலைத் தூர்வாரித் திறந்தார்கள். நீர் வந்தது. இந்த ஒரு முடிவுக்காகவே அவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

நீர் நின்ற பிறகுதான் மரங்கள் வந்தன. ஜப்பானியத் தாவரவியலாளர் மியாவாக்கியின் முறைப்படி நம் மண்ணுக்குரிய மரக்கன்றுகளை நெருக்கமாக நட்டுக் கரையில் ஒரு காட்டையே வளர்த்தார்கள். மரமும் செடியும் தழைத்ததும் பட்டாம்பூச்சிகள் பெருகின. பின்னாளில் அங்கே பட்டாம்பூச்சிப் பூங்காவும் அமைந்தது. பட்டாம்பூச்சியைப் பூவால் மட்டும் அழைத்துவிட முடியாது. வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி முட்டையிட எருக்கஞ்செடி வேண்டும். வேறு சில வகைகளுக்குக் கறிவேப்பிலையும் எலுமிச்சையும், இன்னும் சிலவற்றுக்கு ஆவாரையும் வேண்டும். களை என்று நாம் பிடுங்கி எறியும் எருக்கில்தான் அந்தப் புழு இலை தின்று வளர்கிறது என்பதை, ஊரை அழகுபடுத்தப் புறப்பட்டிருக்கும் நாம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இது புதிதாக வந்த வழக்கமும் அல்ல. மழைக்கு முன் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து வாய்க்காலையும் மதகையும் செப்பனிடுவதைக் குடிமராமத்து என்றே நம் முன்னோர் அழைத்தார்கள். பவானியாற்று நீரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தூரம் வாய்க்கால் வெட்டிக் கொண்டுசென்ற காலிங்கராயனுக்கு ஆண்டுதோறும் தை 5-ஆம் நாள் மாலை அணிவிக்கிறோம். வெட்டிய வாய்க்காலை அதன்பின் ஆண்டுதோறும் தூர்வாரிய கைகளின் பெயர்கள் கல்வெட்டில் இல்லை. நம் குழுவில் சேரும் ஒவ்வொருவரும் அந்தக் கைகளின் வாரிசுகள் என்றே நான் நினைக்கிறேன்.

பேருந்து நிலையச் சுவரில் ஓவியம் தீட்டலாம் என்று இளைஞர்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை, அதையும் செய்வோம். ஆனால் நம் ஊர்க் குளத்துக்கு வரும் வாய்க்கால், சந்தைக்குப் பின்னால் பாலத்தடியில் நெகிழிப் பைகளால் அடைபட்டிருக்கிறது. வரும் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு அந்தப் பாலத்தடியில் கூடுவோம். மம்முட்டியும் பாண்டுச் சட்டியும் உள்ளவர்கள் கொண்டு வாருங்கள்; இல்லாதவர்கள் வெறுங்கையோடு வந்தாலும் போதும்.