பெரியப்பாவின் பதினாறு மா

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்குச் சமையலும் இல்லை, ஊர் சுற்றலும் இல்லை. திருவாரூர் கமலாலயக் குளத்தின் மேல்கரைப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன். காற்று கொஞ்சம் பலமாக அடிக்கிறது. மைக்கில் இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் தெரிவது மேலக்கோபுரம்.

எங்கள் பெரியப்பா போன ஐப்பசியில் தவறிவிட்டார். அப்பாவின் அண்ணன். ஊரில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு, ‘வக்கீலய்யா’ என்றுதான் சொல்வார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் இதே ஊரில் சிவில் கேஸ் பார்த்தவர். அவரைப் பற்றி ஒரு வீடியோ போட வேண்டும் என்று அப்போதிருந்தே நினைக்கிறேன். எடுக்கலாம் என்று உட்கார்ந்தால் பேச்சு வராது. இன்றைக்கு வரும் போலிருக்கிறது. ஏன் இன்றைக்கு என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

வீட்டுத் திண்ணைதான் அவருடைய ஆபீஸ். ஒரு மர மேஜை, இரண்டு பெஞ்சு, சிவப்பு நாடா கட்டிய கேஸ் கட்டுகள், மூலையில் குமாஸ்தா. காலை ஏழு மணிக்கே கட்சிக்காரர்கள் வந்துவிடுவார்கள். வலங்கைமானிலிருந்தும் குடவாசலிலிருந்தும் முதல் பஸ் பிடித்து வந்தவர்களுக்குப் பெரியம்மா காபி போட்டுக் கொடுத்துக்கொண்டே இருப்பார். ரம்ஜான் மாதத்தில் கூத்தாநல்லூர்க் கட்சிக்காரர் ஒருவர் தூக்குவாளி நிறைய நோன்புக் கஞ்சி கொண்டுவருவார். அதற்காகவே நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவருவோம்.

சாயங்காலம் ஐந்தரை ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் சரி, பெரியப்பா எழுந்துவிடுவார். சாயரட்சை. தியாகராஜர் கோயிலில் சாயரட்சை பூஜைக்கு முப்பத்து முக்கோடி தேவர்களும் வருகிறார்கள் என்பது இந்த ஊர் நம்பிக்கை. ‘அவ்வளவு பேர் வருகிற இடத்துக்கு நான் லேட்டாகப் போகலாமா?’ என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். கட்சிக்காரர் கூடவே நடந்து போய் மீதிக் கதையைச் சொல்வதும் உண்டு. சன்னிதிக்குள் நுழைந்ததும் இருவரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

திருவாரூரில் வக்கீலாக இருப்பதில் ஒரு தொல்லை உண்டு. எந்த மேடைக்குப் போனாலும் மனுநீதிச் சோழன் வந்துவிடுவார். கோயிலுக்கு வடகிழக்கே கல்தேர் வேறு நிற்கிறதா, யாரும் விடுவதில்லை. பெரியப்பாவுக்கோ அந்தக் கதையில் ராஜாவின் மேல் ஒரு மனத்தாங்கல். ‘கன்றுக்குட்டிதான் துள்ளி ஓடிவந்து சக்கரத்தில் விழுந்தது. பையனை ஒரு வார்த்தை விசாரித்தாரா? ஒரு வாய்தா கொடுத்தாரா?’ என்பார். பிராயச்சித்தம் செய்தால் போதும் என்று மந்திரிகள் எடுத்துச் சொன்னார்கள், ராஜா கேட்கவில்லை. மகன் மேல் தேரை ஏற்று என்று உத்தரவு வாங்கிய மந்திரி, அதற்கு மனசு வராமல் தன் உயிரையே விட்டுவிட்டார். ‘அந்தக் கேஸில் வக்கீல் என்று இருந்தது அந்த ஒருத்தர்தான். அப்புறம் தியாகராஜர் அப்பீலில் வந்து கன்று, பையன், மந்திரி மூணு பேரையும் எழுப்பிவிட்டார்’ என்று முடிப்பார். மேடையில் இதைச் சொல்லி ஒருமுறை பெரியவர் ஒருவரிடம் திட்டும் வாங்கியிருக்கிறார்.

அவர் அதிகம் பார்த்தது குத்தகை வழக்கும் பாகப்பிரிவினையும். டெல்டாவில் வேறு என்ன வரும்? 1955-ம் வருஷத்துச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு இடத்தை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். குத்தகை பாக்கி வைத்தவனை உடனே வெளியேற்று என்று அது சொல்லவில்லை. நிலத்துக்காரர் நிலைமையையும் பயிர் செய்கிறவர் நிலைமையையும் பார்த்து, பாக்கியைக் கட்ட நியாயமான அவகாசம் கொடுக்கலாம் என்கிறது. அந்த அவகாசத்தை வாங்கிக்கொடுத்தே எத்தனையோ குடும்பங்களை வயலில் நிறுத்தி வைத்திருக்கிறார். மேட்டூரில் ஜூன் 12-ம் தேதி தண்ணீர் திறக்காத வருஷங்களில் குறுவை போய்விடும், பின்னாலேயே பாக்கியும் வந்துவிடும். அந்த வருஷங்களில் திண்ணையில் உட்கார இடம் இருக்காது.

மக்கள் நீதிமன்றம் என்றால் அவருக்கு அல்வா மாதிரி. அங்கே சமரசமாக முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும், மேல் அப்பீலும் கிடையாது. ‘அண்ணன் தம்பி சண்டையை அப்பீல் வரைக்கும் இழுத்தால் நிலம் வக்கீலுக்குத்தான் போகும்’ என்று கட்சிக்காரரிடமே சொல்வார். ஜூனியர்கள் தலையில் கை வைத்துக்கொள்வார்கள்.

கஜா புயல் 2018 நவம்பரில் அடித்தபோது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. கரண்ட் இல்லாத திண்ணையில் ஹரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு நிவாரண மனு எழுதினார். அவர் கையெழுத்து கோழி கிண்டிய மாதிரி இருக்கும். குமாஸ்தா அதைப் படித்துப் பார்த்துத் திரும்ப எழுதுவார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பாகப்பிரிவினைப் பத்திரம் எழுத யார் வந்தாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான். ‘அக்கா தங்கச்சியைக் கேட்டாயா?’ அவர்களுக்குத்தான் சீர் செய்து அனுப்பிவிட்டோமே என்று இழுத்தால், ‘போய்க் கேட்டுவிட்டு வா’ என்று எழுப்பிவிடுவார். அடுத்த தெரு வக்கீலிடம் போனவர்களும் உண்டு.

அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்கே வந்ததுதான் கதை.

இந்த ஊரில் ‘கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி’ என்பார்கள். ஒரு வேலி 20 மா. ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட். அப்படிப் பார்த்தால் எனக்குப் பின்னால் தெரிகிற இந்தக் குளம் 100 மா. எங்கள் தாத்தாவுக்கு இருந்த பூர்வீக நிலம் 16 மா, குளத்தில் ஆறில் ஒரு பங்கு கூடத் தேறாது. அதற்குத்தான் இவ்வளவு.

தாத்தா 1994-ல் உயில் எழுதாமல் போனார். பாட்டி அதற்கு முன்பே போய்விட்டார். பெரியப்பா, அப்பா, இரண்டு அத்தைகள். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்புரிமை உண்டு. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களுக்கு அப்போது கிடையாது. பெரிய அத்தைக்குக் கல்யாணம் 1983-ல், சின்ன அத்தைக்கு 1991-ல்.

சட்டப்படி கணக்கு இப்படி வரும். தாத்தா, பெரியப்பா, அப்பா, சின்ன அத்தை நாலு பேருக்கும் ஆளுக்கு 4 மா. தாத்தாவின் 4 மாவைப் பிள்ளைகள் நாலு பேரும் ஆளுக்கு ஒரு மாவாக எடுத்துக்கொள்ளலாம். ஆக மூன்று பேருக்கு 5 மா, பெரிய அத்தைக்கு மட்டும் 1 மா.

பெரியப்பா கூடத்தில் நின்றுகொண்டு, ‘ஒரே வயிற்றில் பிறந்துவிட்டு, தாலி கட்டிய தேதியை வைத்தா பங்கு போடுவது? ஆளுக்கு நாலு’ என்றாராம். சின்ன அத்தை உடனே சரி என்றுவிட்டார். அப்பா மாட்டேன் என்றார். அப்பாவையும் குறை சொல்ல முடியாது. பெரியப்பாவுக்குக் கோர்ட் இருந்தது. அப்பாவுக்கு வயலைத் தவிர வேறு வருமானம் இல்லை. சட்டம் கொடுத்ததைத்தானே கேட்கிறேன் என்றார். வக்கீலாலும் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை.

பெரியப்பா சண்டை போடவில்லை. தன் பங்கிலிருந்து ஒரு மா, அப்பா தர வேண்டிய ஒரு மாவுக்கும் சேர்த்து இன்னொரு மா, இரண்டையும் பெரிய அத்தைக்கு எழுதிவிட்டார். அத்தைகள் இருவருக்கும் நாலு நாலு. அப்பாவுக்கு ஐந்து. பெரியப்பாவுக்கு மூன்று.

இங்கே என் மனசில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். ஊரெல்லாம் ‘தங்கச்சியைக் கேட்டாயா’ என்றவர், அன்றைக்குப் பெரியம்மாவைக் கேட்கவில்லை. கட்டிக்கொடுக்க வேண்டிய பெண்கள் இரண்டு பேர் வீட்டில் இருந்தார்கள். பெரியம்மா இதை எங்களிடம் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் ஒவ்வொரு முறையும் சொல்வார்.

அப்புறம் அண்ணன் தம்பி பேச்சு நின்றது. ஒரே தெருவில் ஒன்பது வருஷம். ஆழித்தேர் இழுக்கிற அன்றைக்கு ‘ஆரூரா, தியாகேசா’ என்று ஊரே தெருவில் நிற்கும். இவர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு வடத்தில் நிற்பார்கள். சின்னப் பிள்ளையான நான் முதலில் அப்பா வடத்தைத் தொட்டுவிட்டு, ஓடிப்போய்ப் பெரியப்பா வடத்தையும் தொட்டுவிட்டு வருவேன். இருவருமே என்னைத் தடுத்ததில்லை.

2005 செப்டம்பரில் மத்திய சட்டமே திருத்தப்பட்டது. கல்யாணத் தேதிக் கணக்கு போய்விட்டது, எல்லா மகள்களுக்கும் சம உரிமை. முன்பே பதிவாகி முடிந்த பாகப்பிரிவினைகளை அது தொடாது. அப்பாவின் ஐந்து மாவுக்கு ஒரு ஆபத்தும் இல்லை. ஆனால் அன்றைக்குப் பேப்பரைப் படித்துவிட்டு அப்பா மத்தியானம் சாப்பிடவில்லை. அடுத்த தை மாதம் சம்பா அறுவடை முடிந்ததும் பெரியப்பா வீட்டு வாசலில் மூன்று மூட்டை நெல் இறங்கியது. அந்த ஒரு மாவின் விளைச்சலில் செலவு போக மிச்சம். அப்பா போகவில்லை, வண்டிக்காரரை அனுப்பினார். பெரியப்பா மூட்டைகளைப் பார்த்துவிட்டு, ‘தம்பியைக் காபி சாப்பிட வரச் சொல்லு’ என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அப்பா போனார்.

அன்றிலிருந்து வருஷா வருஷம் மூன்று மூட்டை. கஜா வருஷத்திலும் வந்தது. எழுதாத சொத்து சண்டைச் சொத்து என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், இதற்கு மட்டும் ஒரு துண்டுச் சீட்டு கேட்டதில்லை.

இந்தத் தையிலும் மூட்டை போனது. பெரியப்பா இல்லாத முதல் தை. பெரியம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாராம். அப்பாவுக்கு அது தாங்கவில்லை. அந்த ஒரு மாவைப் பெரியம்மா பேருக்கே எழுதிவிடலாம் என்று பழைய குமாஸ்தாவைத் தேடிப் போயிருக்கிறார். அவருக்கும் இப்போது வயதாகிவிட்டது, கண் சரியாகத் தெரிவதில்லை. மூலப்பத்திரத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அவர் கேட்டது: ‘பொண்ணைக் கேட்டீங்களா?’

போன வாரம் அப்பா எனக்கு போன் செய்தார். வழக்கமாகச் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறவர், அன்றைக்கு ரொம்ப நேரம் மழை, உரவிலை என்று சுற்றிச் சுற்றி வந்துவிட்டுத்தான் கேட்டார். நான் சரி என்றேன்.

அதற்காகத்தான் ஊருக்கு வந்திருக்கிறேன். நாளைக்குக் காலை பத்து மணிக்கு சார்பதிவாளர் ஆபீஸ். ஆதார் கார்டு, இரண்டு போட்டோ எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்கள். போட்டோ இன்னும் எடுக்கவில்லை, ஸ்டுடியோ எட்டு மணிக்கு மூடிவிடும். அதோ, சாயரட்சை மணி கேட்கிறதா? நான் கிளம்புகிறேன்.